இலையின் வாயை மூடிய சுண்ணாம்பு

அன்பு மகள் ரெஜினாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வழியில்லை. நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். பெட்டிக்குள் ஊறுகாய்ப் பாட்டிலை வைப்பதா வேண்டாமா என்று உன் சித்தியும் நீயும் சண்டை போடுவது எனக்கு இங்கே கேட்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். வாயால் சொன்னால் கூட்டிச் சொல்லிவிடுவேன். எழுதினால் கை வலிக்கும், அதனால் அளவாகத்தான் வரும். வருகிற வியாழக்கிழமை நீ இங்கிலாந்துக்கு விமானம் ஏறுகிறாய். ஏறி உட்கார்ந்து, இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்ட பிறகு இதைப் பிரி. பக்கத்து இருக்கையில் தமிழ் தெரிந்தவர் இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை. இதை நான் கார்பன் தாள் வைத்துத்தான் எழுதுகிறேன். நகலை பென்னாகரத்தில் மாதையனின் பேட்டரி கடைச் சுவரில் நானே ஒட்டப் போகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்யால் அந்த மனுஷனின் பேர் கெட்டது. உன் படிப்பும் அந்தப் பொய்யோடு போயிருக்க வேண்டியது. அதைச் சொல்லாமல் உன்னைக் கப்பல் போன்ற அந்த விமானத்தில் ஏற்றிவிட்டால், உயரே போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்க எனக்கு முகம் இருக்காது.

எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றவன், டாக்டர் பட்டம் வாங்கிய மகளுக்குப் புத்தி சொல்லலாமா என்று கேட்பாய். நீ கேட்க மாட்டாய், சித்தி கேட்பாள். அந்தப் பாதி எட்டாவதை நான் படித்த மாதிரி முழுசாகப் பட்டப்படிப்பு படித்தவர்கள்கூடப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அதோடு சுண்ணாம்பு விஷயத்தில் எனக்கு மேல் இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. ஏரியூர்ப் பக்கம் வெள்ளையடித்த எந்தச் சுவரைத் தொட்டாலும் அதில் நம் காளவாயில் சுட்டெடுத்த சுண்ணாம்பு கையில் ஒட்டும். மேட்டூர் அணைக்கே நம்ம சரக்குதான் போனது என்று நான் சொல்வது உண்டு. அணை கட்டியபோது நீங்க பொறக்கவே இல்லியே என்று சித்தி சொல்வாள். பிறக்காவிட்டால் என்ன, சுண்ணாம்பு சுடுகிற சுக்காங்கல் பிறந்திருந்ததே!

உன் அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போன பிறகு, உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உனக்கு ஐந்து வயது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனவே சித்தப்பா என்ற பெயரில் அப்பாவாக இருந்தேன். நல்ல அப்பாவாக இருந்தேனா என்றால், பாதி. நீ செடி கொடி படிக்க வேண்டும் என்றபோது, டைப்ரைட்டிங் படித்தால் ஏதாவது ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்காரலாமே என்று இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அது என் முதல் தப்பு. நீ என்னைக் காளவாய்க்குக் கூட்டிப் போனாய். காளவாய்ச் சூட்டில் கருகி நின்ற புங்க மரத்தின் ஒரு கிளையை மட்டும் காட்டி, "சித்தப்பா, இந்தக் கெளை மட்டும் ஏன் சாகலைங்க?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லாததால், அந்தக் கிளையில் மாதா இருக்கிறாள் என்று சொன்னேன். நீ பணிவாகத் தலையை ஆட்டிவிட்டு, மறுநாளே விண்ணப்பப் படிவத்தை நிரப்பினாய்.

இப்போது எண்பத்தைந்தாம் வருடத்துக் கோடைக்கு வருகிறேன். மெட்ராஸில் குடிக்கவே தண்ணீர் இல்லை, கல்லூரித் தோட்டத்தில் உன் செடிகள் எல்லாம் காய்ந்துபோயின. விடுதியை மூடிவிட்டார்கள். நீ ஒரு மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து இறங்கினாய். உள்ளே மைக்ராஸ்கோப். கூடவே துணி சுற்றிய இரண்டு பெரிய பாட்டில்களில் டிஸ்டில்டு வாட்டர், பொட்டலம் பொட்டலமாக உப்புகள். ஊரே வந்து பார்த்தது. ஒரு கைக்குழந்தையைக்கூட அப்படி இறக்கியிருக்க மாட்டார்கள் என்று உன் சித்தி இன்றைக்கும் சொல்கிறாள். உன் பேராசிரியர் கறாரான மனிதர். போன வருடம் உனக்கு வந்த முடிவு அதே மாதிரி இன்னொரு முறை வர வேண்டும், கல்லூரி திறக்கும்போது நோட்டுப் புத்தகத்தோடு வந்து காட்ட வேண்டும், வராவிட்டால் ஆராய்ச்சியை நீட்டிக்க எழுதிக் கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். இன்னொரு பக்கம் தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உனக்கு டீச்சர் வேலை காத்திருந்தது. ஜூன் மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆக, அந்த இரண்டு மாதம்தான் உன் கையில் இருந்தது.

உனக்கு வேண்டிய செடி எது என்று கேட்டபோது நான் ஏதோ சீமைச் செடி என்று நினைத்தேன். நீ கானாவாழை என்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆயுள் முழுக்க நான் பிடுங்கி எறிந்த களை அது. நம் கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால் ஓரத்தில் மட்டும், நீல நிறத்தில் ஒரு துளிப் பூ வைத்துக்கொண்டு, பஞ்சத்திலும் பச்சையாக நின்றது. அதன் இலையின் அடித்தோல் வெங்காயச் சருகு போலச் சுலபமாக உரியும் என்பதால்தான் உலகம் முழுக்க உன் மாதிரி ஆட்கள் அந்தச் சாதிச் செடியைத் தேடுகிறார்கள் என்று சொன்னாய். அன்றைக்கே முள் வெட்டி வந்து சுற்றிலும் வேலி போட்டேன். ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள், "என்னங்க, களைக்குக் காவலா?" என்று கேட்டார்கள். "களையில்ல அது, இங்கிலீசுப் பயிரு" என்றேன். களைக்கு வேலி போட்ட முதல் ஆள் இந்தத் தமிழ்நாட்டிலேயே நான்தான். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

நீ எனக்கு முதன்முதலாக அந்த வாயைக் காட்டிய காலையை நான் மறக்க மாட்டேன். தோலை உரித்து, உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, வெயிலில் மூன்று மணி நேரம் வைத்திருந்து, பிறகு கண்ணாடித் துண்டில் பரப்பி, "இப்பப் பாருங்க" என்றாய். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு, மகளே, பிறகு என்ன சொல்ல! பச்சைப் பாய் விரித்த மாதிரி ஒரு தரை. அதில் அங்கங்கே இரண்டு அவரை விதைகளை எதிரும் புதிருமாக வைத்தது போல. இரண்டுக்கும் நடுவில் கருப்பாக ஒரு பிளவு. உதடு குவித்து ஏதோ சொல்ல வருகிற வாய் மாதிரியே. ஒன்று இல்லை, இரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். நான் ஐம்பது வருடமாக வாயில்லாச் செடி என்று நினைத்துக் கால் வைத்து நடந்தது அத்தனையும் வாய்! அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில், இலைக்கு வாய் இருக்கிறது என்று என் மகள் கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ சித்தப்பா, அத நூறு வருசத்துக்கு முன்னாடியே பாத்துட்டாங்க. நாஞ் செய்யறது, அது எப்பத் தொறக்குது, யாரு சொல்லி மூடுதுங்கறது" என்றாய். டீக்கடையில் நான் திருத்தவில்லை. இப்போது திருத்திவிட்டேன், வைத்துக்கொள்.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்ட விதம் இதுதான், தப்பிருந்தால் ஓரத்தில் குறித்துக்கொள். இலை காற்றைத் தின்று உயிர் வாழ்கிறது. தின்ன வேண்டுமானால் வாய் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். திறந்தே இருந்தால் வாடும், மூடியே இருந்தால் பட்டினி. அதனால் அந்த இரண்டு அவரை விதைகளும் காவல் நிற்கின்றன. வெளிச்சம் பட்டதும் அவை உப்பை உள்ளே இழுக்கின்றன, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது, தண்ணீர் போனதும் புடைக்கின்றன. சைக்கிள் டியூப்பில் ஒரு பக்கம் மட்டும் பஞ்சர் ஒட்டுப் போட்டுக் காற்றடித்தால், ஒட்டுப் போட்ட பக்கம் உப்பாமல் டியூப்பே வளைந்து நிற்குமே, அதே மாதிரி இரண்டும் வளைகின்றன. நடுவில் வாய் திறக்கிறது. இதில் எந்த வெளிச்சம் என்பதும் உண்டு. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வாங்கி மிச்சமிருந்த கண்ணாடித் தாள்களைக் கேட்டாய். சிவப்புத் தாளுக்குக் கீழே வைத்த தோலில் வாய் கொஞ்சமாகத் திறந்தது. நீலத் தாளுக்குக் கீழே வைத்ததில் நன்றாகத் திறந்தது. நீல வெளிச்சம் குறைச்சலாக இருந்தாலும் அது இலைக்கு ஒரு குரல் மாதிரி என்று சொன்னாய். விடிந்துவிட்டது, எழுந்திரு என்கிற குரல். நம் கோயில் நட்சத்திரத்தின் கிழிந்த தாள் இப்படி ஒரு வேலைக்குப் போகும் என்று அதை ஒட்டியவனுக்குத் தெரியாது. ஒட்டியவன் நான்தான்.

மூடச் சொல்லும் ஆள் யார் என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "உங்க ஆளுதாங்க. கால்சியம். நம்ம சுண்ணாம்புக்குள்ள இருக்கறதே அதுதான்" என்றாய். வெளிச்சம் எவ்வளவு கூப்பிட்டாலும், கரைசலில் கொஞ்சம் கால்சியம் உப்பு இருந்தால் வாய் திறப்பதில்லை, ஏற்கெனவே திறந்த வாயும் சுருங்குகிறது. செடிக்குள் தண்ணீர் குறைந்தால் கால்சியம்தான் காவல் செல்லுக்குள்ளே போய் மூடச் சொல்லும் என்று நினைக்கிறார்கள், இன்னும் முழுசாக நிரூபணம் ஆகவில்லை, அதில் ஒரு சின்ன மூலையைத்தான் நீ பிடித்திருக்கிறாய் என்றாய். எனக்கு நெஞ்சு புடைத்துவிட்டது, அந்த அவரை விதை மாதிரியே. நான் வாழ்நாள் முழுக்கச் சுட்டு விற்ற சரக்கு, பஞ்ச காலத்தில் இலைகளுக்குப் போய்க் கதவைச் சாத்து என்று சொல்லும் தூதுவனா! அன்றிரவு சாப்பாட்டில் இதைப் பற்றி நான் விடாமல் பேசியதைக் கேட்டு உன் சித்தி சொன்னாள்: "இலைக்குச் சுண்ணாம்பு குடுத்தா வாய மூடிக்குதாம். இந்த மனுசனுக்கு வெத்தலையில தடவிக் குடுத்தா வாயத் தொறந்துக்கறாரு."

மே மாதத்தில் உன் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்தது. நான் இருக்கும்போது உனக்கு என்ன கவலை, பென்னாகரத்தில் பேட்டரி கடையில் லாரிக்காரர்களுக்கு விற்பது அதே தண்ணீர்தானே என்று பத்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மாதையன் கடையில் வாங்கினேன். நல்ல தண்ணீர்தான். இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் இது சுவரில் ஒட்டப்படுவது: மாதையன் கொடுத்தது நல்ல தண்ணீர்.

திரும்பும்போது மேட்டில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் புகை. கண்டக்டர், "யாருகிட்டயாச்சும் தண்ணி இருக்குதுங்களா? ரேடியேட்டர் கொதிக்குது" என்று குரல் கொடுத்தார். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்திருந்தாலும் கேனைக் கொடுத்திருக்கலாம், ஆனால் எழுந்து நின்றேன். "இருக்குது. ஆனா இது சாதாரணத் தண்ணியில்ல. எம் பொண்ணோட ஆராய்ச்சித் தண்ணி" என்றேன். டிரைவர் பதறிப்போய், "அப்ப வேணாங்கண்ணே, அதோ அந்தக் கொல்லையில கெணறு இருக்குது, அஞ்சு நிமிசம் பொறுத்துக்குங்க" என்றார். அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அட, ஊத்துப்பா! உன்னோட இஞ்சின் இனிமே இங்கிலீசு பேசட்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பத்து லிட்டரையும் அது மடமடவென்று குடித்தது. அந்தச் சிரிப்பு நம் ஊர் நிறுத்தம் வரைக்கும் எனக்கு இனித்தது. இறங்கிக் காலிக் கேனைப் பார்த்தபோதுதான் புளித்தது.

வெறும் கையோடு உன் முன்னால் வந்து நிற்க மனம் வரவில்லை. காளவாய்க் கிணற்றில் கேனை நிரப்பினேன். கலங்கலாக இருந்தது. என் மகளுக்குக் கலங்கல் தண்ணீரா? கிணறு கலங்கினால் நம்மவர்கள் என்ன செய்வோம்? சுண்ணாம்பைப் போட்டுத் தெளிய வைப்போம். அன்றைக்குப் பிரித்த சூளையில் இருந்ததிலேயே வெள்ளையான ஒரு கட்டியை, கொட்டைப்பாக்கு அளவுக்குத் தேடி எடுத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இதைவிடச் சுத்தமான தண்ணீர் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று மனதார நம்பினேன். சுண்ணாம்பு மூடச் சொல்லும் ஆள் என்று மார்தட்டிக்கொண்டு ஊரெல்லாம் சொன்ன அதே வாய், அதே கை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் எனக்குப் புத்தி போகவில்லை. நீ கேனை வாங்கிக்கொண்டு, "கடைத் தண்ணிதானுங்களே சித்தப்பா?" என்று கேட்டாய். "பின்ன, கெணத்துத் தண்ணியா கொண்டாருவேன்?" என்றேன்.

அதற்குப் பிறகு வாய் திறக்கவே இல்லை. கால்சியம் போட்ட தட்டிலும் மூடியிருந்தது, போடாத தட்டிலும் மூடியிருந்தது. போடாத தட்டு திறந்தால்தானே போட்ட தட்டு மூடியதற்கு அர்த்தம்! பதினொரு நாள் நீ போராடினாய். செடியை மாற்றினாய். இளம் இலை, முற்றிய இலை என்று பார்த்தாய். வெளிச்சத்தைச் சந்தேகப்பட்டு, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெயிலின் பின்னாலேயே வீட்டைச் சுற்றினாய். உப்பைப் புதுசாக எடை போட்டாய். கடைசியில், போன வருடம் வந்த முடிவே தப்போ, நீயாக ஆசைப்பட்டுப் பார்த்தாயோ என்று உன் மேலேயே சந்தேகப்பட்டாய். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாய், நான் கொண்டு வந்த தண்ணீரைத் தவிர. சித்தப்பா கொண்டு வந்தது என்பதால் அது உன் கணக்கிலேயே வரவில்லை. நான் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். ஏதோ செய்துவிட்டேன் என்று மூன்றாம் நாளே உறைத்துவிட்டது. சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் நீ மைக்ராஸ்கோப்பைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுத ஒரு தாள் கேட்டாய். நான் எழுந்து போய்த் தாள் கொண்டு வந்து கொடுத்தேன். என் தப்புகளிலெல்லாம் பெரிய தப்பு அந்தத் தாள்.

அன்றைக்குக் காப்பாற்றியது உன் சித்தி. இனிமேல் இந்தத் தண்ணீர் எதற்கு என்று கேனைச் சாய்த்துத் துணி அலசப் போனாள். "இதென்ன கண்ணு, சோப்பு நொரையே வர்ல! தயிராட்டம் திரியுது. நம்ம கெணத்துத் தண்ணியே தேவலாம் போலிருக்குது" என்றாள். எழுதிக்கொண்டிருந்த நீ எழுந்து போனாய். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை ஊற்றி, சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினாய். நுரை இல்லை. கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அடிப்பக்கம் பார்த்தாய், வெகுநேரம். பிறகு என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். "கடைக்காரரு ஏமாத்திட்டாரு போலிருக்குதுங்க சித்தப்பா" என்றாய், மெதுவாக. நீ திறந்துவிட்ட அந்த வழியில் நான் விழுந்தடித்து ஓடினேன். திருட்டுப்பயல், கிணற்றுத் தண்ணீரை விற்கிறான், அவன் கடையைப் பிரித்துவிட்டுத்தான் மறுவேலை என்று தெருவில் நின்று கத்தினேன். மறுநாள் நீயே முதல் பஸ்ஸில் போய்ப் புதுத் தண்ணீர் வாங்கி வந்தாய். நான் வருகிறேன் என்றதற்கு, "நீங்க இருங்க, நாம் போயிட்டு வரேன்" என்றாய்.

வந்ததும் தட்டை வைத்தாய். மூன்று மணி நேரத்தில் அத்தனை வாயும் திறந்தது. துள்ளிக் குதிப்பாய் என்று பார்த்தால், நீ இன்னொரு தட்டில் என் கேன் தண்ணீரையும் வைத்தாய். பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாய். ஒன்றில் திறந்த வாய், ஒன்றில் மூடிய வாய். எனக்கு அதுவே போதும், நிரூபணம் ஆகிவிட்டது என்று கை தட்டினேன். உனக்குப் போதவில்லை. "இதுல சுண்ணாம்போட காரமும் இருக்குது, கால்சியமும் இருக்குது. மூடுனது எதுன்னு தெரியலியே" என்று, காரத்தைத் தனியாக, கால்சியத்தைத் தனியாக, நாள் கணக்கில் பிரித்துப் பிரித்துப் பார்த்தாய். அப்போதுதான் எனக்கு உன் மேல் வெறும் பாசம் போய் மரியாதை வந்தது. நான் ஒரு முறை பார்த்ததைப் பத்து முறை பார்த்ததாகச் சொல்கிறவன். நீ பத்து முறை பார்த்துவிட்டு, ஒரு முறை பார்த்த மாதிரி தெரிகிறது என்று எழுதுகிறவள். அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான் பேராசிரியர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டாராம். எழுந்து நின்றாரா என்று எனக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டார், அது நிச்சயம். அங்கிருந்துதான் இன்றைக்கு இங்கிலாந்து வரைக்கும்.

ஆனால் மாதையன்? நான் தெருவில் கத்தியது பஸ்ஸில் ஏறிப் பென்னாகரம் போனது. கிணத்துத் தண்ணி மாதையன் என்று அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று வருடமாக நான் அந்தக் கடைக்கு எதிர்ச் சாரியில்தான் நடக்கிறேன். ஓரக்கண்ணால் பார்த்தால், கல்லா மேஜையில் எப்போதும் ஒரு நுரைத்த பாட்டில் இருக்கும். பேட்டரி வியாபாரம் படுத்துப்போய்ச் சோப்பு வியாபாரத்தில் இறங்கிவிட்டார் போலிருக்கிறது, என்னால்தானே என்று தலையைக் குனிந்துகொள்வேன். இதுவரை எழுதியதன் நகலைத்தான் இப்போது எடுத்துக்கொண்டு போகிறேன். பசையும் எடுத்துக்கொண்டேன். என்ன நடந்தது என்று வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். நீயும் சித்தியும் ஊறுகாயை முடித்துவிட்டு அப்பளத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

மாதையன் என்னைப் பார்த்ததும், "வாங்க சுண்ணாம்புக்காரரே! மூணு வருசமா எதிர்ச் சாரியிலயே போனீங்க, இன்னிக்கு என்ன வழி தவறிட்டீங்களா?" என்றார். நான் தாளை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். பஸ் வந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசி வரைக்கும் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். "இத எதுக்குங்க எழுதுனீங்க? எனக்குத்தான் தெரியுமே" என்றார்.

எப்படி என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அன்னிக்கு மொத பஸ்ஸுலயே வந்துச்சுங்க உங்க பொண்ணு. ஒரு பாட்டில்ல அந்தக் கேன் தண்ணியக் கொண்டாந்து வெச்சுது, அடியில வெள்ளையா வண்டல். இது உங்க தண்ணி இல்லீங்க, எங்க காளவாய்த் தண்ணி, ஆனா எங்க சித்தப்பா உங்க பேரத்தான் சொல்லிட்டாரு, அத நாஞ் சரி பண்ணித் தரேன், அவருகிட்ட மட்டும் கேக்காதீங்க, அவரா சொல்லுவாருன்னுச்சு. எனக்குக் கோவந்தாங்க மொதல்ல. அதுக்கப்பறம் சோப்பு ஒண்ணு வாங்கிச் சீவி, எந் தண்ணியிலயும் போட்டுக் குலுக்குச்சு, கெணத்துத் தண்ணியிலயும் போட்டுக் குலுக்குச்சு. எனுதுல நொர தளும்புச்சு, அதுல ஒண்ணுமில்ல. வர்றவங்ககிட்ட எல்லாம் இதயே செஞ்சு காட்டுங்கன்னுச்சு. செஞ்சனுங்க. இப்ப லாரிக்காரனுங்க நொரையப் பாக்காம வேற எங்கயும் தண்ணி வாங்கறதில்ல."

சோப்பு வியாபாரம்! கல்லா மேஜையில் இருந்த அந்தப் பாட்டிலை நானே எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். "அந்தப் புள்ளைக்கு எம் மேல கோவம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன். மாதையன் கண்ணாடியைக் கழற்றினார். "இருந்துச்சோ என்னமோ. அந்த வண்டலப் பாத்துட்டு, சூளையிலயே வெள்ளக் கட்டியாப் பாத்துப் பொறுக்கிப் போட்டிருக்காருங்க எனக்கோசரம்னு சிரிச்சுது. சிரிச்சுட்டுக் கண்ணத் தொடச்சுது" என்றார்.

எனவே மகளே, புத்தி சொல்ல ஆரம்பித்த கடிதம் இப்படி முடிகிறது. வெளிச்சத்துக்குத் திறக்கவும், நேரம் பார்த்து மூடவும் அந்த இலைக்குத் தெரிவதை நீ கண்ணாடி வழியாகப் பார்த்தாய். மூன்று வருடம் எனக்காக மூடியிருந்த ஒரு வாயை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். போகிற ஊரில் உன்னை யாரும் ஏமாற்றுவார்களோ என்று எனக்குப் பயம் இருந்தது. இனி இல்லை. அங்கே உன் பேராசிரியர்களிடம் நம் காளவாயைப் பற்றிச் சொல்லு. சொல்லும்போது கூட்டிச் சொல்லாதே, அது என் வேலை.

சுவரில் ஒட்ட வேண்டாம் என்று மாதையன் சொன்னார். நான் ஒட்டிவிட்டுத்தான் வந்தேன். நாளைக்கு ஒரு பேனாவோடு மறுபடி போக வேண்டும். அதில் ஒரு பொய் மிச்சம் இருக்கிறது, இங்கே மேலேயும் இருக்கிறது. நீ போராடியது பதினொரு நாள் என்று எழுதியிருக்கிறேன். பதினொன்று இல்லை. பதினேழு. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

உன் சித்தப்பா